மூங்கில் அணத்தானும் இலுப்பைப் பூவும்

தமிழினியின் இரண்டு வருட ஆராய்ச்சி ஒரு சின்னப் பிராணியின் மூக்கில் வந்து நின்றது. அணில் மாதிரி இருக்கும், முதுகில் கோடு இராது, மூக்கு நீளம். மூங்கில் அணத்தான் என்று பெயர். பூச்சி தின்னும் இந்தப் பிராணி விடிகாலையில் இலுப்பைப் பூவிலும் வாய் வைக்கிறது, மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது என்றாள் அவள். கண்ணால் பார்த்தது போதாதாம். மூக்கில் ஒட்டிய மகரந்தத்தை எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டார் பேராசிரியர். போன வருடம் ஒன்றும் சிக்கவில்லை. இந்த வருடமும் பூ முடியப் போகிறது. வனத்துறை கொடுத்த அனுமதியும் இன்றோடு சரி.

அன்றைக்கென்று பார்த்துக் கல்லூரியில் கூப்பிட்டார்கள். மலையடிவாரத் தோப்பில் வைத்த கூண்டை அப்பாவிடம் ஒப்படைத்தாள். மகரந்தக் கதையெல்லாம் அவருக்கு எதற்கு என்று சொல்லவில்லை.

"அரை மணிக்கு ஒரு தபா பாரு நைனா. மாட்டிச்சின்னா தொடாத, எனக்கு போன் போடு. வெயிலும் பசியும் தாங்காது, செத்துரும்."

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றார் காசிநாதன்.

பேரணாம்பட்டுத் தோல் மண்டியில் பச்சைத் தோல் கெடாமலிருக்க முப்பது வருடம் உப்புத் தேய்த்த மனிதர். மகள் என்றால் உயிர். எட்டு மணி வரை தோப்பை விட்டு நகரவில்லை. அப்போது மண்டிக்கார நிசார் அஹமது போன் செய்தார். பச்சைத் தோல் லாரி வந்து நிற்கிறது, ஆள் கம்மி, தாமதித்தால் நாறிப்போகும். பத்து நிமிஷம் என்றுதான் போனார். பாழாய்ப் போன பத்து நிமிஷம்! திரும்பும்போது மணி பன்னிரண்டு.

கூண்டு மூடியிருந்தது. உள்ளே அது கம்பியைக் கடித்துக் கடித்து, வாயெல்லாம் ரத்தமாகச் செத்துக் கிடந்தது.

காசிநாதன் போனை எடுத்தார், என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டார். உயிரைத்தான் காப்பாற்றவில்லை, உடம்பையாவது கெடாமல் கொடுக்கலாம் என்று தோன்றியது. அதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

சாயங்காலம் தமிழினி வந்ததும் ஒரு டப்பாவை நீட்டினார்.

"செத்துப் போச்சிம்மா. என் தப்புதான். ஆனா கெடல, பாரு."

அழப் போகிறாள் என்று பயந்தார். அவள் அழவில்லை.

"பரவால்ல நைனா. மூக்கு இருக்குதில்ல, அது போதும்" என்று டப்பாவைத் திறந்தாள். கல்லுப்புக்கு நடுவே அது பளிச்சென்று சுத்தமாகக் கிடந்தது. அவள் குரல் மாறிவிட்டது.

"மூஞ்சில இன்னா ஒட்டினு இருந்திச்சி?"

"ரத்தம்மா. அப்பறம் மூக்கு பூரா மஞ்சளா ஒரு மாவு, லேசுல போவல. மூணு தண்ணி ஊத்தி நல்லா தேச்சிக் கழுவிட்டுதான் உப்பு போட்டேன்."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான், தான் கழுவியது அழுக்கை இல்லை என்பது காசிநாதனுக்கு உறைத்தது.