எல்லாருக்கும் ஒரே பிரவுசர்

1.

இந்தக் கதையைச் சொன்னவர் சரசு. பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோது சொன்னார். சொல்லிக்கொண்டே குடத்தை ஓங்கித் தரையில் வைத்தார். அந்தச் சத்தத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

‘2007ஆம் ஆண்டு, தகவல் தொழில்நுட்பம் பெங்களூரின்’

வேண்டாம். ஊரைப் பற்றி எழுதினால் கோபம் ஆறிவிடும்.

2.

சரசுவின் கணவர் இளங்கோவன் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். (இந்த இடத்தில் ‘பாவம்’ என்று எழுதி அடித்தேன். அடித்தது தெரியட்டும்.) திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கல்லூரியின் இணையதளத்தைத் திறந்து, மாணவர்களின் மதிப்பெண்களைத் தானே ஏற்றுவார். கல்லூரியில் அவர் யார் தோளையும் பிடிக்காமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

அந்த மார்ச்சில் கல்லூரி புதிய பிரவுசருக்கு மாறியது. வளாகத்துக் கணினிகளிலும் ஆசிரியர்களின் வீட்டுக் கணினிகளிலும் அதைப் போட்டாக வேண்டும். பழையதில் இனிக் கல்லூரித் தளம் திறக்காது. பொறுப்பு, கணினிப் பிரிவின் ரித்விக்குடையது. தன் மென்பொருள் புதியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றும்படி இளங்கோவன் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். ரித்விக் சரி என்றான்.

திங்கட்கிழமை ஹெட்போனில் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் கேட்டது. எந்தப் பட்டன் என்று சொல்லவில்லை.

வீட்டுக் கணினியில் ஏற்றிவிடலாம் என்று ஆட்டோ பிடித்து வந்தார். அங்கேயும் அதே பட்டன். கல்லூரியிலிருந்து ஒருவன் சிடியோடு வந்து மாற்றிவிட்டுப் போயிருந்தான்.

“உங்களைக் கேட்டாச்சுன்னு சொன்னாங்க. நான் காபி வேற போட்டுக் குடுத்தேன்” என்றார் சரசு.

இளங்கோவன் ஹெட்போனைக் கழற்றி, ஒயரை மெதுவாகச் சுற்றினார்.

3.

[ரித்விக்கை வில்லனாக்கப் பார்த்தேன். முகத்தில் ஏளனச் சிரிப்பு ஒன்றை ஒட்டினேன், நிற்கவில்லை. அவன் மறந்துவிட்டான், அவ்வளவுதான். எல்லாருக்கும் மாற்றுகிறவன் மறக்கிற ஒரே ஆள் எப்படி எப்போதும் இவராகவே]

மறுநாள் இளங்கோவன் கல்லூரி முதல்வர் சீனிவாசராகவனின் அறைக்குப் போனார். முதல்வர் எழுந்து வந்து, கையைப் பிடித்து உட்காரவைத்தார். ரித்விக்கைக் கூப்பிட்டார்கள். பழைய பிரவுசருக்காகத் தளத்தை மறுபடி மாற்ற முடியாது, மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று விளக்கிவிட்டு, ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார் என்றான்.

“இதுக்குப் போய் ஏன் டென்ஷன் ஆறேள்?” என்றார் முதல்வர். “நீங்க மார்க்கைச் சொல்லுங்கோ, ஆபீஸ்ல நோயல் டைப் பண்ணிடுவார். நாங்கள்லாம் இருக்கோமே.”

இளங்கோவனின் குரல் உயரவில்லை.

“என் வேலையைப் புடுங்கிட்டு, உதவி பண்றேங்கறீங்க. என் வீட்டுக்குள்ள வந்து புடுங்கியிருக்கீங்க. நான் பேசினதை நீங்க கேக்கல. அந்த மெஷின் பேசுற வரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்ல.”

4.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ரித்விக் கண் கலங்கி, பழைய பிரவுசரோடு ஒரு கணினியைத் தூக்கி வருகிறான். கிழித்துப் போட்டேன், அவன் அழுவதற்காகவா இளங்கோவன் பார்வையில்லாமல் இருக்கிறார்? இன்னொன்றில் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வருகிறது. நம்பும்படிதான் இருந்தது. நம்பும்படி இருந்ததாலேயே எரிச்சல் வந்து அதையும்

சாயங்காலம் முதல்வர், இளங்கோவனை அறையிலேயே விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். பியூன் முனிகிருஷ்ணன் விளக்கு சுவிட்சில் கைவைத்தபடி, கேட்பதா வேண்டாமா என்று நின்றார்.

“அணைச்சுட்டுப் போங்க. இங்க யாருக்கும் அது தேவையில்ல” என்றார் இளங்கோவன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று சரசு சொன்னார். எழுத மாட்டேன். எழுதினால் ‘அப்பாடா’ என்று பக்கத்தை மூடிவிடுவீர்கள். இருட்டில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கதவு திறந்துதான் இருக்கிறது. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால், போய் அவரை நீங்களே எழுந்திருக்கச் சொல்லுங்கள்.