செவ்வாய்க்கிழமை மட்டும் ஒன்பது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் நூலகத்தில் மிச்சமிருக்கும் இரண்டு பேரிடம் கேட்டால் இதைவிட மோசமாகச் சொல்வார்கள். ஒருவர் கவுண்டரில் உட்கார்ந்து புத்தகம் கொடுத்து வாங்கும் அண்ணன். இன்னொருத்தி எறும்பு. வாசகர்கள் மேஜையில் விட்டுப்போகும் புத்தகங்களை அதனதன் அலமாரியில் அடுக்குவது அவள் வேலை. காலையிலிருந்து எதையாவது தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. போன வருடம்வரை ஆறு பேர் இருந்தோம். நிதியைக் குறைத்தார்கள், மூன்று பேர் போனார்கள். நான்தான் பொறுப்பாளர்.

இந்த வருடம் மறுபடியும் குறைத்தார்கள். வாரத்துக்கு எழுநூற்றைம்பது புத்தகமாவது வாசகர் கைக்குப் போகாத கிளைகளில் அடுக்குபவர் வேலை ரத்து என்று தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எங்கள் கிளையில் வீட்டுக்கு எடுத்துப்போகும் புத்தகம் வாரத்துக்கு ஐந்நூறைத் தொடுவதே பெரும்பாடு. அதே உறைக்குள், ஊழியர்கள் மனம் தளராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று பத்துப் பக்கத்தில் ஒரு கையேடும் வைத்திருந்தார்கள். அடிப்பதும் அவர்கள்தான், தடவிக்கொடுப்பதும் அவர்கள்தான். கையேட்டில் சொன்னபடி ஒரு கூட்டம் போட்டேன்.

"எல்லாரும் தைரியமா இருக்கணும்..."

"நாங்க தைரியமாத்தான் இருக்கோம்," என்றார் அண்ணன். "நீதான் கையேட்டைத் தலைகீழாப் பிடிச்சிருக்க."

தலைகீழாகத்தான் இருந்தது. எறும்புக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு, வேலைக்குப் போக முடியாத கணவர். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவள் வாயே திறக்காமல் நின்றது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏதாவது சொல்லேன். திட்டவாவது செய்."

"என்னத்தச் சொல்றது அக்கா," என்றபடியே, அப்போதுதான் ஒரு மாணவி எழுந்துபோன மேஜையிலிருந்து நான்கு புத்தகங்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நாற்காலியின் சூடுகூட ஆறியிருக்காது. மேஜை துடைத்துவைத்ததுபோல் இருந்தது.

பொட்டில் அடித்ததுபோல் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மாணவி மூன்று மணி நேரம் உட்கார்ந்து அந்த நான்கையும் படித்தாள். அது எந்தக் கணக்கிலும் இல்லை. மேஜையில் ஒரு புத்தகம் கிடந்தாலும் எங்களுக்கு அவமானம். இங்கே ஒருவர் வந்து படித்தார் என்பதற்கான தடயத்தை நாங்களே சுடச்சுட அழித்துக்கொண்டிருந்தோம், அதையும் பெருமையாக.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். சரி, எல்லாக் கிளையிலும் ஒரு வாரம் மேஜைப் புத்தகங்களையும் எண்ணுங்கள், அதிகாரி வந்து பார்ப்பார் என்று இறங்கிவந்தார்கள்.

திங்கள் முதல் சனிவரை பகலில் யாரும் எதையும் அடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். மேஜையில் கிடப்பதைத் தள்ளுவண்டியில் சேர்க்க வேண்டும். மூடும் நேரத்தில் எண்ணித் தாளில் எழுதிவிட்டு அப்புறம் அடுக்கலாம். திங்கட்கிழமை ஐம்பத்திரண்டு. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். செவ்வாய்க்கிழமை நல்ல மழை, உள்ளே உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம். மூடும் நேரத்தில் போய்ப் பார்த்தால் வண்டியில் ஒன்பது புத்தகம்.

"மத்ததெல்லாம் எங்க?"

எறும்பு தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கை தானா போயிடுச்சுக்கா. அடுக்கிட்டேன்."

நான் கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும். அண்ணனோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகு, "ஒரு அறுபது இருக்கும். போட்டுடு," என்றார்.

"எத்தனைன்னு தெரியாதேண்ணா," என்று சொல்லி அவள் ஒன்பது என்றே எழுதினாள்.

சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனது, மேஜையில் கிடந்தது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். எழுநூற்று நாற்பத்து மூன்று. ஏழே ஏழு குறைந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பேனாவை எடுத்துவிட்டேன். அந்த ஒன்பதுக்கு முன்னால் ஒரு ஆறு போட்டால் தீர்ந்தது. எறும்பு தாளின்மேல் கையை வைத்து மறைத்தாள்.

"வேண்டாங்க்கா. ஒரு புத்தகத்தைக்கூட நான் இடம் மாத்தி வச்சதில்ல. நம்பரை மாத்துறதா?"

"வேலை போயிடும், புரியுதா?" என்றார் அண்ணன். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"புரியுதுண்ணா."

கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பேனாவை மூடிவைத்தேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கையில் பருமனான கோப்பு. தாளை மேலிருந்து கீழே பார்த்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் ஒன்பது?"

நான் வாய் திறப்பதற்குள் எறும்பு முந்திக்கொண்டாள். "எண்ணுறதுக்கு முன்னாடியே நான் அடுக்கிட்டேன் சார். தப்பு என்னுதுதான்."

"சுமாரா எத்தனை இருந்திருக்கும்?"

"சுமாராச் சொல்ல எனக்குத் தெரியாது சார்."

"இந்த ஏழு குறைஞ்சா போறது உங்க வேலைதான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா ஒன்பதுன்னு எழுதுனீங்க?"

"வண்டியில ஒன்பதுதானே சார் இருந்துச்சு."

அவர் கோப்பைத் திறந்து மற்றக் கிளைகளின் தாள்களை என் முன்னால் பரப்பினார். எழுநூற்றைம்பது. எழுநூற்றைம்பத்தைந்து. மறுபடியும் எழுநூற்றைம்பது.

"பதினோரு கிளை பார்த்துட்டேன். எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி பாஸ். நான் நம்பிக் கையெழுத்துப் போடுற மாதிரி வந்தது இது ஒண்ணுதான்."

செவ்வாய்க்கிழமையின் ஒன்பதைத் தள்ளிவிட்டு, மற்ற ஐந்து நாள் மேஜைக் கணக்கின் சராசரி ஐம்பதை அந்த நாளுக்கும் போட்டுப் பார்த்தார். எழுநூற்று எண்பத்து நான்கு வந்தது. 'அடுக்குபவர் பணியிடம் தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் எந்தப் புத்தகத்தையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. எங்கள் கிளையை நினைத்து, இவளை நினைத்து, எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

அதிகாரி படியிறங்கியதும் அண்ணன் கேட்டார், "உனக்குப் பயமே இல்லையா?"

"உயிரே போயிடுச்சுண்ணா," என்றாள் எறும்பு. பக்கத்திலிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாசகர் நாற்காலியில் அவள் உட்கார்ந்து அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். எழுந்திருக்கப் போனவளைத் தோளில் அழுத்தி உட்காரவைத்துவிட்டு, மேஜை மேஜையாகப் போய்ப் புத்தகங்களை எடுத்து நான் வண்டியில் வைக்க ஆரம்பித்தேன்.