கொசுறாகப் போன பலகை

கபரெட்டே கடற்கரையில் எதை வாங்கினாலும் கொசுறு உண்டு. வாழைக்காய்க்கு ஒரு பிடி மல்லி. என் கடையில், பெரிய காற்றாடி இழுக்க அலைமேல் நின்றபடி வழுக்கிப் போகும் காற்றாடிப் பலகைக்கு ஒரு திருகாணிப் பொட்டலம். கொசுறு கேட்காதவனை வெளியூர்க்காரன் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

அன்று யுதெல்கா வந்தாள். பெர்மினின் காற்றாடிப் பள்ளியில் நான்கு வருடம் பிறர் கயிற்றுச் சிக்கலைப் பிரித்தவள். சனிக்கிழமை அவளுக்குப் பரீட்சை. பிற்பகல் மூன்று மணிக்கு எழும் பலத்த காற்றில் கடலுக்குள் இருக்கும் வெளிப்பாறைவரை போய் விழாமல் திரும்பினால் ஆசிரியை. போன தடவை பாதியில் விழுந்தாள். "பொம்பளை முட்டி அந்தக் குலுக்கலைத் தாங்காது" என்று பெர்மின் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணே. அவன் குடுத்த பலகைதான் கதவு மாதிரி. ஒவ்வொரு அலைக்கும் பளார் பளார்னு அறைஞ்சுது."

விற்காமல் கிடந்த கார்பன் பலகையைத் தடவிக் காட்டினேன். அகலம், தட்டை, பளபளப்பு. "ராணி மாதிரி போவ."

அவள் அதைச் சாய்த்து நடுவில் முட்டியால் அழுத்தினாள். அது இம்மிகூட வளையவில்லை.

"விறைச்சுப்போன மாப்பிள்ளை அண்ணே இது. காலைல கண்ணாடித் தண்ணியில போட்டோ எடுத்துக்கலாம். மூணு மணிக்குப் போனா என் பல்லெல்லாம் கொட்டிரும்."

"உனக்கென்ன தெரியும்?"

"விழுந்தவளுக்குத் தெரியாததா விக்கிறவருக்குத் தெரியும்?"

கடைசியில் பலகையில் பாதத்தை மாட்டிக்கொள்ளும் கால்வார் ஒரு ஜோடி மட்டும் வாங்கினாள். பலகை வாங்காதவளுக்குக் கால்வார் எதற்கு என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"கொசுறு?"

எரிச்சலில் வாசலைக் காட்டினேன். "அங்க கிடக்கிற பழசுல எதையாவது எடுத்துட்டுப் போ."

வாசலில் மெர்செதிதா யானிகேகே என்ற மாவு ரொட்டி பொரித்து விற்பாள். அவளுடைய மாவுச் சட்டி என் பழைய பலகை ஒன்றின்மேல் இருந்தது. ஒடுக்கமான பலகை, இரு முனையும் வாழைப்பழம்போல் மேலே வளைந்திருக்கும், அடியில் வாய்க்கால்போல் குழிவு. யுதெல்கா சட்டியை இறக்கிவிட்டு முட்டியால் அழுத்தினாள். வளைந்து, துள்ளி நிமிர்ந்தது.

"இது."

"அது மேசை."

"வாய்விட்டுச் சொன்னீங்கல்ல? இல்ல, அண்ணன் வெளியூரா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. கொசுறைத் திரும்பக் கேட்டவன் இங்கே மறுநாள் கடை திறக்க முடியாது. போகிறபோக்கில் பலகையின் அடியில் மாட்ட, மீனுக்கு இருப்பதுபோன்ற நான்கு நீளத் துடுப்புகளையும் அள்ளிக்கொண்டாள். "மேசைக்குக் கால் வேணாமா?"

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடல் கட்டைவண்டித் தடம்போல் கிடந்தது. பலகையின் மூக்கு ஒவ்வொரு மேட்டையும் ஏறி வழுக்கியது; துடுப்புகள் தண்ணீரைக் கவ்விக்கொண்டன. போனாள், திரும்பினாள், நின்றபடியே மணலில் இறங்கினாள்.

பெர்மின் தொண்டையைச் செருமினான். "சரி. காலைல தண்ணி அசையாம இருக்கும்போது சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடு."

"காலை வகுப்பு நீங்களே எடுங்க. முட்டியப் பாத்துக்கணும்ல. மூணு மணி எனக்கு."

கரையில் சிரித்தவர்களை எண்ண முடியாமல் அவன் தலையாட்டினான்.

மெர்செதிதாவின் சட்டி இப்போது என் கார்பன் பலகைமேல் இருக்கிறது. இம்மிகூட ஆடுவதில்லை. மேசைக்கு அதைவிட நல்ல பலகை கிடையாது.