ஏழாம் குழாய்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் வந்தாச்சா?" என்றுதான் வாசல் காவலாளியே கேட்பார். வீட்டைப் பூட்டிவிட்டு, பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் அவள். பெயர் பொருந்தவில்லை என்று அவளாலேயே சொல்ல முடியாது.

வேலையும் அதற்கேற்ற வேலைதான். தொழிற்சாலைப் புகையிலிருந்து பிரித்த கரியமிலவாயுவைப் பூமிக்கு அடியில், பாறைக்குள் இறக்கி அடைத்து வைக்கிறார்கள். அடைத்தது அடைத்தபடி இருக்கிறதா, மேலே கசிகிறதா என்று பார்க்க மைதானமெங்கும் மண்ணில் குழாய் நட்டிருந்தார்கள். அவை அனுப்பும் அளவுகளை அவள் திரையில் கண்காணிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் வாயுவை இறக்கும் பம்பை நிறுத்து, பிறகு காரணத்தைத் தேடு. இதுதான் விதி.

அவள் ஏற்கெனவே இரண்டு முறை நிறுத்தியிருந்தாள். முதல் முறை மழைத்தண்ணீர், அடுத்த முறை கழன்ற வயர்.

"மூணாவதும் புரளின்னா, ஸ்டோர் ரூம்ல நட்டு, போல்ட்டு எண்ணப் போயிடும்மா," என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

அன்று காலை ஏழாம் குழாயின் கோடு ஏறியது. திரையைத் துடைத்துப் பார்த்தாள். துடைத்த பிறகும் ஏறியது. கை, பம்பை நிறுத்தும் பொத்தான் பக்கம் போனது. ஸ்டோர் ரூம் ஞாபகம் வந்ததும் திரும்பி வந்தது. நிஜமாகவே கசிந்தால்? கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

பம்ப் அடங்கியதும் அதை ஓட்டுகிற அண்ணன் வந்து நின்றார். "என்ன தாயே, இன்னிக்கு மழையா, வயரா?"

"ஏழாம் குழாய்ண்ணே."

"ஏழா?" அவர் குரல் இறங்கியது. "அது தங்கமான குழாயாச்சே. நான் தினமும் அந்தப் பக்கம் போறேனே."

"எதுக்குப் போறீங்க?"

"சும்மா... காத்து வாங்க."

மேனேஜரும் சேர்ந்துகொள்ள, மூவரும் மைதானத்துக்கு நடந்தார்கள். ஏழாம் குழாயைக் காணோம். அது நின்ற இடத்தில் ஒரு பூசணிக்கொடி ஜம்மென்று படர்ந்திருந்தது.

"இது என்னண்ணே?"

"பூசணி."

"அது தெரியுது. இங்க எப்படி?"

"குழாய் நடத் தோண்டின மண்ணு பொலபொலன்னு இருந்துச்சும்மா. சும்மா விட மனசு வரல. நேத்து கொஞ்சம் எரு போட்டேன்."

"கொஞ்சமா?"

"ரெண்டு மூட்டை."

மேனேஜர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அப்ப எருதான். பம்பைப் போடுய்யா. நீ ஸ்டோர் ரூமுக்கு..."

"இருங்க சார்," என்றாள் அவள். "எரு இருந்தா கசிவு இல்லேன்னு ஆயிடுமா? ரெண்டும் சேர்ந்தே இருக்கலாமே."

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அவள் கொடியை விலக்கி, வாயுவை அளக்கும் கைக்கருவியைக் குழாயில் செருகினாள். எரு மக்கும்போது கரியமிலவாயு எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு பிராணவாயு குறையும். அடியிலிருந்து கசிந்து வந்தால் பிராணவாயு அவ்வளவு குறையாது. அளந்தாள். மறுபடி அளந்தாள். இன்னொரு முறை அளக்கப் போனவள், மேனேஜரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எருதான் சார். கசிவு இல்ல."

"அப்ப புரளிதானே?"

"தெரியல சார். ஆனா ஏறினது நிஜம்."

மேனேஜர் பூசணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் அண்ணனைப் பார்த்தார். "நேத்துப் போட்ட எருவை இன்னிக்கே பிடிச்சிருக்கா. கீழேருந்து வாயு வந்தாலும் விடமாட்டா. இவ திரையிலயே இருக்கட்டும். ஸ்டோர் ரூமுக்கு நீ போறியாய்யா?"

"சார், இப்பதான் பிஞ்சு விட்டிருக்கு!"

"அப்ப அதைத் தூக்கிட்டுப் போய் வாசல்ல வை."

அன்று மாலைக்குள் எருவும் கொடியும் காவலாளி அறைக்குப் பக்கத்தில் குடியேறின. மறுநாள் ஏழாம் குழாயின் கோடு நல்ல பிள்ளையாக இறங்கியிருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இப்ப திருப்தியா, சந்தேகம்?"

அவள் கைக்கருவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இவ்வளவு சீக்கிரமா இறங்குமாண்ணே?"