திரும்பி வந்த கல்

அந்த வீட்டுக்குள் ஒரு பொருள் வர வேண்டுமென்றால் பெரியவள் சரி என்று சொல்ல வேண்டும். சோபாவுக்குத் துணி, மாமியாரின் மூக்குக் கண்ணாடி, மாடிக் குளியலறைக்கு ஓடு, எல்லாம் மூத்த மருமகள் பார்த்துச் சம்மதித்து வந்தவைதான். யாரும் கொடுத்த பதவி இல்லை, தானாக அமைந்து போனது. பதினாறு வருடமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். எதுவும் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் அவளுக்குத் தலை வலிக்கும். "அவ கண்ணு அளவுகோல் மாதிரி" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். பெரியவள் காதில் விழாதது போலக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மாடியில் சின்னவள், அதாவது கொழுந்தனின் மனைவி. நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீந்தச் சொல்லித் தருகிறாள். நல்ல நீளக் கழுத்து, நிமிர்ந்த தோள். அந்தக் கழுத்தைப் பார்த்துப் பெரியவளுக்குப் பொறாமையே இல்லை என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். குளத்து மருந்தில் ஊறி ஊறிச் சின்னவளின் முடி செம்பட்டையாகிவிட்டதே, அதில்தான் பெரியவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சின்னவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. லேபில் வளர்த்த வைரம். இரண்டு வருடத்தில் தோடு, மோதிரம், கைச்சங்கிலி என்று ஒவ்வொன்றாக இணையத்தில் வாங்கிச் சேர்த்து ஒரு செட் ஆக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் பதக்கம் ஒன்றுதான் பாக்கி. பெரியவளிடம் இருந்தது கல்யாணத்துக்குப் போட்ட தோடு. பூமியைத் தோண்டி எடுத்த வைரம்தான், ஆனால் கடுகளவு. அதனால் அவள் சின்னவளின் கற்களுக்கு 'குக்கர் கல்' என்று பெயர் வைத்தாள். மூன்று விசிலில் வெந்துவிடும் என்பாள். வீடே சிரிக்கும். சின்னவளும் கூடவே சிரிப்பாள். அதுதான் பெரியவளுக்குப் பொறுக்காது.

பதக்கத்துக்கு முட்டை வடிவத்தில் ஒரு கல் வேண்டும், எந்தக் கடையில் வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று சின்னவள் கேட்டபோது பெரியவளுக்கு உள்ளூரக் குளிர்ந்து போயிற்று. குக்கர் கல்லுக்கும் கடைசியில் என் கண்தான் வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே கொடுத்தாள். முட்டை வடிவக் கல்லில் ஒரு தொல்லை உண்டு. நடுவில் குறுக்காகக் கரும்பட்டை விழும். கல்லின் நிறம், எடை, சுத்தம் எல்லாம் சான்றிதழில் இருக்கும், இந்தப் பட்டை மட்டும் இருக்காது. கல்லைச் சுழற்றிக் காட்டும் வீடியோவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவள் கண் வலிக்கப் பார்த்தாள். ஒரே ஒரு கடையில் மட்டும் எல்லாக் கல்லும் பட்டையே இல்லாமல் பளிச்சென்று இருந்தன. அந்தக் கடையின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் கீழே ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் சின்னவள் மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள். ஆறு கடை, ஆறு வரிசை. விலை, சான்றிதழ், திருப்பி அனுப்ப எத்தனை நாள், கேள்வி கேட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது, எல்லாம் அட்டவணையாக இருந்தது. பெரியவள் சொன்ன கடை முதல் வரிசை. அதன்மேல் ஒரு கோடு.

"தப்பா எடுத்துக்காதீங்க, அக்கா" என்றாள் சின்னவள். "இந்தக் கடையில எல்லாக் கல்லுக்கும் ஒரே வீடியோவைப் போட்டு வச்சிருக்கான். கல்லைப் பிடிச்சிருக்கிற கிடுக்கியைப் பாருங்க. இடது நுனியில ஒரு பஞ்சு ஒட்டியிருக்கு. பதினொரு கல்லு, பதினொண்ணுலயும் அதே பஞ்சு."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பெரியவள் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாமியாரும் பார்த்து, "ஆமா, பஞ்சு" என்றாள்.

பெரியவள் இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். ஒரு வாரம் கல்லையே பார்த்தவள் கிடுக்கியைப் பார்க்கவில்லை. சின்னவள் அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தான் கண்டுபிடித்த கல்லையும் திறந்து காட்டினாள். நிஜமான வீடியோ, நிஜமான கல். நடுவில் பட்டை இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிச்சம் முனையிலிருந்து முனைக்கு உடையாமல் ஓடியது. பதினாறு வருடம் கண்ணாடியோடு வாழ்ந்தவளுக்கு அது எப்பேர்ப்பட்ட கல் என்று ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமை சம்பளம் வந்ததும் வாங்கிவிடுவேன் என்றாள் சின்னவள்.

"பரவாயில்லையே, சின்னவளுக்கும் கண்ணு இருக்கு" என்றாள் மாமியார்.

இந்த ஒரு வாக்கியம் பெரியவளை இரண்டு நாள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரம்கூட அவளைப் பார்த்துப் 'பஞ்சு, பஞ்சு' என்று சொல்வது போலிருந்தது. பணம் போனால் வரும், நகை போனாலும் வரும். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கண் ஒன்றுதான். அதையும் ஒரு நீச்சல்காரி தண்ணீரிலிருந்து எழுந்து வந்து துடைத்துக்கொண்டு போய்விட்டாளே என்று வயிறு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் உட்கார்ந்து அந்தக் கல்லின் சான்றிதழ் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். அட்டவணையில் பார்த்ததுமே அது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே எண்ணுள்ள கல் நாலு கடைகளில் நாலு விலையில் கிடந்தது. இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தக் கடைக்காரர்கள் ஒருவரிடமும் கல் கிடையாது. கல் அதை வளர்த்தவனின் பெட்டகத்தில் ஒரே இடத்தில் இருக்கிறது. நாலு பேரும் அதன் படத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கடையில் விற்றால் மற்ற மூன்று கடைகளிலும் மறைந்துவிடும்.

சின்னவள் பார்த்து வைத்த கடையை விட்டுவிட்டு வேறொரு கடையில் பெரியவள் அதை வாங்கினாள். தன் பெயரில் வங்கியில் போட்டு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினாள். கண்ணாடிக் கடை விலாசத்தைக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சின்னவளுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

புதன்கிழமை சாயங்காலம் மாடியில் சத்தமே இல்லை. மறுநாள் காலை சின்னவள் கண் வீங்கி இறங்கி வந்தாள். "வித்துப் போச்சு அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். பெரியவளுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பக் கொஞ்சம்தான்.

கல் வந்து சேர்ந்த அன்று கடையில் கூட்டமில்லை. பெரியவள் பூதக்கண்ணாடியில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். லேசரில் பொறித்த எண் தெரிந்தது. பிறகு லென்ஸை இயந்திரத்தில் பிடித்து வைக்க ஒட்டும் இருபக்க ஒட்டுத்தாளில் சின்னதாக ஒன்றை வெட்டி, கல்லைத் தன் கழுத்துக் குழியில் ஒட்டிக்கொண்டாள். வாடிக்கையாளர்கள் சட்டகம் மாட்டிப் பார்க்கும் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

கழுத்து குட்டை, நிறம் மட்டு என்று இத்தனை நாள் தன்னைத் தானே ஒதுக்கி வைத்திருந்தவள், அந்தக் கண்ணாடியில் வேறொருத்தியைப் பார்த்தாள். முகமே எழுந்து நின்றது. அவள் கண் பொய் சொல்லாது. கல் அவளுக்குப் பொருந்தியிருந்தது.

கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினாள். புதுக் கண்ணாடி வாங்க வந்த ஓய்வுபெற்ற தபால்காரர். கல்லை எடுக்க நேரமில்லை. அப்படியே உட்கார்ந்து அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவர் கண்ணைச் சிமிட்டினார், தெருவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எல்லாம் தெளிவாத் தெரியுதும்மா" என்றார். "அந்தக் கல்லு உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

பெரியவள் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து தினமும் மதியம் பத்து நிமிடம் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கல்லை ஒட்டிக்கொண்டு நிற்பது அவளுக்கு வழக்கமாகிப் போயிற்று.

ஆனால் வெளியே போட்டுக்கொண்டு போக வேண்டுமே. அங்கேதான் சிக்கல். குக்கர் கல் என்று வாய் கிழியப் பேசியவள் அதையே எப்படி மாட்டிக்கொள்வது? அதைக்கூட ஒரு சிரிப்பில் சமாளித்துவிடலாம். சின்னவளை என்ன செய்வது? தொலைந்து போன கல்லின் எண் அவளுக்குத் தன் தொலைபேசி எண்ணைப் போல மனப்பாடம். "அதைச் சுத்திச் சுத்தி எத்தனை தடவை பார்த்திருக்கேன். யார் கழுத்துல இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன் அக்கா" என்றாள் ஒரு நாள். பெரியவள் தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பஞ்சைக் கண்டுபிடித்தவளாயிற்றே.

வேடிக்கை என்னவென்றால், இதற்கிடையில் பெரியவள் கேட்டது கிடைத்தும்விட்டது. சின்னவள் அட்டவணையை மூடிவிட்டு, "இனிமே நீங்களே பார்த்துச் சொல்லுங்க, எனக்கு மனசே இல்ல" என்று எல்லாப் பொறுப்பையும் அவளிடம் கொடுத்துவிட்டாள். ஆனாலும் எந்தக் கல்லைக் காட்டினாலும் சின்னவள் அது மாதிரி இல்லை என்றே சொன்னாள். இந்தப் பேச்சைக் கேட்கப் பெரியவளுக்கு நாக்கில் சர்க்கரை வைத்தது போலிருக்கும். அது மாதிரி எப்படி இருக்கும், அதுதான் என் கைப்பையில் இருக்கிறதே. இவள் இன்னும் கொஞ்ச நாள் ஏங்கட்டும் என்று, "அவசரப்படாதே, பொறு" என்று சொல்லி அனுப்புவாள்.

திருப்பி அனுப்ப முப்பது நாள் கெடு. இருபத்தொன்பதாம் நாள் அவள் கல்லைக் கடைசியாக ஒட்டிப் பார்த்தாள். பத்து நிமிடம் அரை மணி ஆயிற்று. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. போட்டுக்கொள்ள முடியாத கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொஞ்சம் அழுதாள். பிறகு ஒட்டுத்தாளைப் பிய்த்து, கல்லைத் துடைத்து, வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்பினாள். ஒரு மாதத்தில் சின்னவள் அதை மறந்திருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சின்னவள் மறக்கவில்லை. அந்த எண் எங்கே தலைகாட்டினாலும் தகவல் வரும்படி ஆறு கடைகளிலும் சொல்லி வைத்திருந்தாள். பத்தாம் நாள் தகவல் வந்தது. திரும்பி வந்த கல் என்பதால் விலையும் முன்னைவிடக் குறைவு.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவள் அதைப் பதக்கமாக்கி அணிந்துகொண்டு மாடிப்படி இறங்கி வந்தாள். நீளக் கழுத்தில் கல் ஏதோ குடியேறியது போல உட்கார்ந்திருந்தது. மாமியார் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெரியவளின் கணவன்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நன்றாக இருக்கிறது என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு நகையைப் பற்றிப் பேசி அவள் கேட்டதில்லை.

"எல்லாம் அக்காவாலதான்" என்றாள் சின்னவள். "பொறு பொறுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. இல்லன்னா வேற எதையாவது வாங்கித் தொலைச்சிருப்பேன்."

"அவ கண்ணு அப்படி" என்றாள் மாமியார்.

இந்த வார்த்தையைத் திரும்பக் கேட்கத்தான் பெரியவள் இரண்டு மாதமாகத் தவித்தாள். இப்போது அது இனிக்கவில்லை.

"கடைக்காரன்கிட்ட விசாரிச்சேன்" என்று சின்னவள் பதக்கத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "யாரோ ஒரு அம்மா வாங்கி ஒரு மாசம் வச்சிருந்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்களாம். போட்டுப் பார்த்திருப்பாங்க, நல்லா இருந்திருக்காது. பாவம்."

பெரியவள் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். அது தானாகத் திறந்துகொண்டது.

"நல்லா இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? ரொம்ப நல்லா இருந்திருக்கலாம்."

சின்னவள் கள்ளமில்லாமல் சிரித்தாள்.

"நல்லா இருந்தா யாராவது திருப்பிக் கொடுப்பாங்களா, அக்கா?"

எல்லாரும் அது சரிதானே என்று தலையை ஆட்டினார்கள். பெரியவளும் ஆட்டினாள். ஊரில் ஒரே ஒரு தபால்காரருக்குத்தான் உண்மை தெரியும். அவரை மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வரவா முடியும்? அவள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.