மூன்று தட்டு

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் தங்க வயலில் யாராவது "ஜோ!" என்று கத்தினால், போலீஸ் குதிரைகள் வருகின்றன என்று அர்த்தம். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தோண்டுகிறவன் மாதாமாதம் சர்க்காருக்குப் பணம் கட்டி உரிமச் சீட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். எங்கள் குழியில் வெறும் களிமண். என் புருஷன் ஜாகோவிடம் அந்த மாதச் சீட்டு இல்லை.

செவ்வாய்க்கிழமை சத்தம் கேட்டதும் ஜாகோ ஓடிப்போய், யாரோ கைவிட்ட பழைய குழி ஒன்றில் ஒளிந்துகொண்டார். எந்தக் குழி என்று நான் பார்க்கவில்லை. குதிரைகள் போனபின் எங்கள் குழி வாயில் வாளி இறக்கும் ராட்டினக் கட்டையில் மூன்று தட்டு தட்டினேன். போய்விட்டார்கள், மேலே வா என்று எங்களுக்குள் அடையாளம். அவர் வரவில்லை.

பிடித்துவிட்டார்களோ என்று போலீஸ் முகாமுக்கு ஓடினேன். சீட்டில்லாதவர்களை மரக்கட்டையோடு சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். ஜாகோ அங்கே இல்லை.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னான்: "உன் புருஷன் பேரே இதுல இல்லம்மா. பதிவுல இல்லாதவன் இந்த ஊர்லயே இல்லாதவன்."

இரண்டு நாள் ஒவ்வொரு குழியாகக் குனிந்து கூப்பிட்டேன். வியாழக்கிழமை, எங்களைப் போலவே இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த பாஸ்கோ மாமா வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தார்.

"லவ்டி, எங்க குழிச் சுவருக்குள்ள குள்ளங்க தட்டுறாங்க புள்ள. செவ்வாய்க்கிழமைலேர்ந்து."

சுரங்கத்துக்குள் வாழும் குட்டி ஆவிகளான குள்ளர்கள் தட்டுகிற இடத்தில் தாது இருக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று தோண்டுவதை நிறுத்தி, ரொட்டி ஓரத்தைப் படையலாக வைத்துவிட்டு வந்திருந்தார்.

"எத்தன தட்டு மாமா?"

"மூணு மூணா."

என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

சாயங்காலத்துக்குள் எல்லோருமாகச் சுவரை உடைத்தோம். அந்தப் பக்கம் பழைய குழி, சரிந்த மண். மண்ணுக்கடியில் ஜாகோ, கழுத்து முறிந்து. விழுந்தபோதே, செவ்வாய்க்கிழமையே உயிர் போய்விட்டது என்றார் வைத்தியர். இன்று காலைகூடத் தட்டியதே என்று பாஸ்கோ மாமா முணுமுணுத்தார்.

ஜாகோவை மேலே கொண்டுவந்து கிடத்தியபோது "ஜோ!" என்று சத்தம் எழுந்தது. ஒருவரும் ஓடவில்லை. எல்லோர் சீட்டையும் பார்த்த போலீஸ்காரன், போர்வைக்குள் படுத்திருக்கிறவன் சீட்டு எங்கே என்று கேட்டான். போர்வையை விலக்கிக் காட்டினேன். அவன் குதிரையைத் திருப்பினான்.

குளம்புச் சத்தம் அடங்கியது. ராட்டினத்தின் பக்கம் யாருமே போகவில்லை. ஆளில்லாத குழிக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது.

போய்விட்டார்கள், மேலே வா.

வரவேண்டியவர் என் காலடியில் கிடந்தார்.