பத்து விரல்

கொரோனாவுக்காக வீடு வீடாக வந்த நர்சு வாசலிலேயே நின்று, என் வீட்டுக்காரர் விரலில் ஒரு சின்ன மிஷினை மாட்டினாள். உடம்பில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது சொல்லுமாம். நம்பர் வராமல் வெறும் கோடுதான் காட்டியது.

"விரல்ல என்ன சாயம்? கழுவிட்டு வரச் சொல்லுங்க."

"சாயமில்ல சிஸ்டர். பட்டாசுக் கம்பெனி அலுமினியப் பவுடரு. எம்புட்டுக் கழுவுனாலும் போகாது."

எனக்கு எரிச்சலாக வந்தது. கையைக் கழுவு, கையைக் கழுவு என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தினார்களே, இந்தக் கையை ஒருத்தராவது பார்த்தார்களா? உள்ளே கூட்டிப்போய்த் தேங்காயெண்ணெய் தடவினேன். சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். தோல்தான் சிவந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது.

மறுபடியும் கோடுதான்.

"கால் விரல்ல பார்ப்போம்."

செருப்பு உரசினால் தீப்பிடிக்கும் என்று கம்பெனிக்குள் வெறுங்காலோடுதான் வேலை. காலும் வெள்ளியாக மினுங்கியது.

"நம்பர் இல்லாம ஆஸ்பத்திரியில பெட் கேக்க முடியாதுக்கா," என்றாள் நர்சு. "சரி, உங்களுக்காவது பார்த்துருவோம். விரலைக் குடுங்க."

நானும் அதே கம்பெனிதான். பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.